இடுப்பு மூட்டின் உள்நாரும் அதில் தோன்றும் கட்டிகளும்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

முன்னுரை

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது முன்னோர் மொழி. அந்தச் சிரசையும் அதன் கீழுள்ள உடலையும் சுமந்துகொண்டு நாளெல்லாம் நடமாடுபவை நம் இடுப்பு மூட்டுகள் இரண்டுமே ஆகும். நாம் நடக்கும்பொழுது ஒரு காலை ஊன்றி மறு காலை எடுத்து வைக்கிறோமே, அந்த நொடியில் ஊன்றிய காலின் இடுப்பு மூட்டு நம் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையைத் தாங்குகிறது. இத்தகைய மூட்டுக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறு நாரைப் பற்றியும், அதில் அபூர்வமாகத் தோன்றும் கட்டிகளைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

மூட்டின் அமைப்பு

பந்துக் கிண்ண மூட்டிற்கு எடுத்துக்காட்டாகத் தோள், இடுப்பு ஆகிய இரண்டையும் நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். இடுப்பெலும்பில் உள்ள ஆழமான குழியே கிண்ணம். தொடை எலும்பின் உருண்டையான தலையே பந்து. நம் வீட்டு ஆட்டுக்கல்லையும் அதன் குழவியையும் நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கல்லும் குழவியும் உரசுவது போல எலும்புகள் உரசித் தேயாதபடி, பந்தும் கிண்ணமும் வழவழப்பான குருத்தெலும்பால் மூடப்பட்டுள்ளன. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய மூட்டுப்படலம் ஒருவகைத் திரவத்தைச் சுரந்து, எண்ணெய் இட்டாற்போல அசைவை எளிதாக்குகிறது.

எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார்கள் மூட்டிற்கு வெளியே அரணாக நிற்கின்றன. ஆனால் இடுப்பு மூட்டில் இன்னொரு நார் உள்ளேயே இருக்கிறது. பந்தின் உச்சியில் உள்ள சிறு பள்ளத்தில் தொடங்கி, கிண்ணத்தின் அடிப்பகுதியில் போய்ச் சேரும் இந்நாருக்கு ‘லிகமென்டம் டெரிஸ்’ என்று பெயர். ‘உருண்டை நார்’ என்பது இதன் பொருள். உண்மையில் இது உருண்டையாக இல்லாமல் சற்றுத் தட்டையாக, அடி அகன்று காணப்படும். இதன் நீளம் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே.

பயனற்ற நாரா?

 மனிதருக்கு இந்த நாரால் பெரிய பயன் இல்லை என்றே நெடுங்காலம் பலர் கருதினர். இன்று அக்கருத்து மாறிவிட்டது. இந்நாரினுள் ஒரு சிறிய தமனி ஓடுகிறது. குழந்தைப் பருவத்தில் தொடை எலும்பின் தலைக்கு அது இரத்தம் கொண்டு செல்கிறது. மேலும் இந்நாரில் உள்ள நரம்பு முனைகள் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும், வலியையும் மூளைக்கு அறிவிக்கின்றன. காலை மிகுதியாகத் திருப்பும்போது மூட்டு விலகாமல் காப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

கட்டிகள் தோன்றும் விதம்

இந்த நாரைச் சுற்றியும் மூட்டுப்படலம் போர்த்தியுள்ளது. இந்நாரில் வரும் கட்டிகளுள் முக்கியமானது இப்போர்வையிலிருந்து தோன்றும் ‘இராட்சத செல் கட்டி’ ஆகும். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள் அதில் காணப்படுவதால் இப்பெயர் வந்தது. பெரும்பாலும் இது புற்றுநோய் அன்று.

1941-ஆம் ஆண்டு ஜாஃபி, லிக்டென்ஸ்டைன், சுட்ரோ என்னும் மூன்று மருத்துவ அறிஞர்கள் இந்நோயை விரிவாக ஆராய்ந்து எழுதினர். அக்காலத்தில் இதை ஒருவகை அழற்சி என்றே எண்ணினர். பின்னர் 2006-இல் வெளிவந்த ஆராய்ச்சி இதன் இரகசியத்தை விளக்கியது. கட்டியில் உள்ள ஒரு சில செல்கள் தவறான மரபணு மாற்றத்தால் ஒரு புரதத்தை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கின்றன. அந்தப் புரதம் உடலின் காவல் செல்களை அழைக்கும் அழைப்போலை போன்றது. அழைக்கப்பட்ட செல்கள் வந்து குவியக் குவியக் கட்டி பெரிதாகிறது. ஆகவே கட்டியின் பெரும்பகுதி கெட்டுப்போன செல்கள் அல்ல, வரவழைக்கப்பட்ட விருந்தாளிகளே!

இக்கட்டியில் அடிக்கடி சிறிது இரத்தம் கசியும். இரத்தத்திலுள்ள இரும்பு அங்கேயே தங்கிவிடுவதால் கட்டி பழுப்பு நிறமாக இருக்கும். இந்த இரும்பைச் சற்று நினைவில் வையுங்கள். பின்னால் அது நமக்கு உதவப்போகிறது.

அறிகுறிகள்

ஆட்டுக்கல்லில் உளுந்தோடு ஒரு சிறு கல் அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகும்? குழவி சுழலாமல் தடுக்கும். அதுபோலவே பந்திற்கும் கிண்ணத்திற்கும் இடையே கட்டி சிக்கும்போது மூட்டு திடீரெனப் பிடித்துக்கொள்ளும். தொடை இடுக்கில் வலி, நொண்டல், சம்மணமிட்டு உட்கார முடியாமை ஆகியவை பிற அறிகுறிகள்.

இங்கே ஒரு விந்தை உண்டு. இடுப்பில் நோய் இருக்க, சிலருக்கு முழங்காலில் வலிக்கும்! இடுப்பு மூட்டிற்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதே இதற்குக் காரணம். எனவே முழங்காலைப் பரிசோதித்து அங்கே குறை ஒன்றும் இல்லையெனில், இடுப்பையும் பரிசோதிப்பது மருத்துவர்களின் வழக்கம்.

இந்த நாரில் வரும் கட்டி மிகமிக அபூர்வம். நம் வயதினர் நொண்டுவதற்கு வேறு காரணங்களே மிகுதி. மூட்டில் காசநோய் வரலாம். வளரும் பருவத்தில் தொடை எலும்பின் தலை இடம் நழுவலாம். இளம் வயதினருக்கு எலும்பில் வரும் ‘ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா’ என்னும் சிறு கட்டி இரவில் வலியை மிகுவிக்கும். இவற்றை நடையைப் பார்த்து மட்டும் பிரித்தறிய இயலாது.

கண்டறியும் முறை

1895-இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்-கதிர் எலும்பை நன்கு காட்டும். நாரையும் மென்மையான கட்டியையும் தெளிவாகக் காட்டாது. அக்குறையை நீக்கியது காந்த ஒத்ததிர்வுப் படம், அதாவது எம்.ஆர்.ஐ. ஆகும். மனித உடலை இம்முறையில் முதன்முதலாகப் படமெடுத்தது 1977-இல். முன்பு சொன்ன இரும்பு இங்கேதான் உதவுகிறது. இரும்பு தங்கிய இடம் இப்படத்தில் கருமையாகத் தெரிவதால் மருத்துவர் கட்டியின் இனத்தை ஊகிக்கிறார். பின்னர் ஒரு சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வர்.

சிகிச்சை

1931-இல் நியூயார்க் நகரில் பர்மன் என்னும் மருத்துவர், இறந்தோர் உடல்களின் மூட்டுகளுக்குள் ஒரு குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்தார். அம்முயற்சியின் வழிவந்த கருவிகளால் இன்று சிறு துளைகள் வழியாகவே இடுப்பு மூட்டினுள் கட்டியை அகற்ற முடிகிறது. கட்டி பெரிதாயின் மூட்டைத் திறந்து, பந்தைக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுக்க நேரிடும். அப்போது தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அறுந்தால் எலும்பே மடிந்துவிடும். அக்குழாயைக் காத்து இச்சிகிச்சையைச் செய்யும் முறையைச் சுவிட்சர்லாந்து நாட்டு கான்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001-இல் வெளியிட்டனர்.

கட்டியோடு நாரையும் அகற்ற நேர்ந்தால் நடக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். வெளியே உள்ள வலிமையான நார்கள் மூட்டைத் தாங்கிக்கொள்கின்றன. அறுவைச் சிகிச்சையால் பயன் இல்லாத பெரியவர்களுக்காக, அந்த ‘அழைப்போலை’யின் செயலைத் தடுக்கும் பெக்சிடார்டினிப் என்னும் மாத்திரை 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆயினும் அது கல்லீரலைப் பாதிக்கக்கூடியது.

முடிவுரை

அன்புத் தோழிகளே, பெற்றோர்களே! இக்கட்டி புற்றாக இல்லாவிடினும், கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பைச் சிதைத்துவிடும். சிதைந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்து பழைய நிலையை அடைவதில்லை. ஆகவே காலம் தாழ்த்துவதே இங்குப் பெரும் பகை. பெண் பிள்ளை நொண்டினால், “நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் பெண் எடுப்பார்கள்?” என்று மறைப்பதும், எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதும் நம்மிடையே உண்டு. விளையாட்டு வகுப்பிற்குத் தப்பிக்க நடிக்கிறாள் என்று சொல்பவர்களும் உண்டு. மறைத்த வலி குறைவதில்லை. சில வாரங்களாகத் தொடை இடுக்கிலோ முழங்காலிலோ காரணமின்றி வலித்தால், அல்லது இரவில் வலி எழுப்பினால், வெட்கத்தை விட்டு அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மா, அப்பா, நீங்களும் அதை நம்பி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வருமுன் காக்க இயலாத நோய்களும் உண்டு. வந்தவுடன் அறிந்தால் அவற்றையும் வெல்லலாம்.