வெட்டுறதுக்கு முன்னாடி செடியைப் பாருங்க



மாசிப் பனி விட்டு வெயில் ஏறும்போது நம்ம கொல்லையில் இருக்கிற செடி கொடியெல்லாம் புதுத் துளிர் விடும். கத்தரி, வெண்டை மாதிரி ஒரு பருவத்தோடு முடியாமல், வருஷக்கணக்கில் நிற்கிற மல்லி, கறிவேப்பிலை, கோவை, செம்பருத்தி பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிடறேன். சில வருடங்களுக்கு முன், மாசி மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். உறுப்பினர் ஒருவர் வீட்டில் பத்து குண்டுமல்லிச் செடி புதராக மண்டிக் கிடந்தது. "அக்கா, கவாத்து பண்ணுங்க, நல்லா பூக்கும்" என்று வாசலில் நின்றே சொல்லிட்டு வந்துட்டேன். அவரும் அன்றைக்கே வெட்டிட்டார். அப்போதுதான் மொட்டு வைக்கத் தொடங்கியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பங்குனி, சித்திரை இரண்டு மாதப் பூ போச்சு. அந்தப் பூக்காசில்தான் அவர் கடன் தவணை கட்டி வந்தார். இரண்டு மாதமும் கூலிக்குப் போய்க் கட்டினார். "நீங்க படிச்சவங்க, சரியாத்தான் சொல்வீங்கன்னு நினைச்சேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து நான் கற்றதுதான் கீழே இருக்கிறது.

1. மல்லி

கவாத்துக்குச் சரியான காலம் கார்த்திகைக் கடைசி, மார்கழி. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டணும். இப்போது காய்ந்த குச்சியை மட்டும் எடுங்க. மொட்டில் ஓட்டை இருந்தால் அது மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்துப் புதைச்சிடுங்க. வேரடியில் தண்ணீர் தேங்கக் கூடாது.

2. கறிவேப்பிலை

இலையை மட்டும் உருவாமல் கொத்தாக ஒடித்து எடுத்தால் பக்கக்கிளை வரும். பூவும் காயும் வந்தால் கிள்ளி விடுங்க, சத்து இலைக்குப் போகும். இலைமேல் காக்கா எச்சம் மாதிரி ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்க. அசைந்தால் அது புழு. கையால் எடுத்தாலே போதும்.

3. கோவை

பழைய, காய்ந்த கொடியை வெட்டி விட்டால் புதுக்கொடியில் காய் பிடிக்கும். வெட்டிய நல்ல தண்டை நட்டால் இன்னொரு வீட்டுக்கும் கொடி ஆச்சு. புழு விழுந்து அழுகிய காயைக் கீழே விடாமல் ஆழமாகப் புதைக்கணும்.

4. செம்பருத்தி

தண்டில் எறும்பு வரிசையாக ஏறுதா? அப்படின்னா மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கான்னு பாருங்க. அந்தக் கிளையை ஒடித்து அழிச்சிடுங்க. 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி பரவி, பப்பாளி, மரவள்ளி, செம்பருத்தி எல்லாம் வெள்ளையாகப் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்னக் குளவிதான் அதை அடக்கியது. அதனால் கண்ணில் படுகிற பூச்சியெல்லாம் எதிரி இல்லை.

மருந்து விஷயம்

வயலுக்கு அடித்து மிச்சமான மருந்தை வீட்டுச் செடிக்கு அடிக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கு. வேண்டவே வேண்டாம்! அந்த இலைதான் நாளைக்கு நம்ம ரசத்தில் விழுது. பூச்சி அதிகமானால், வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டுங்க. துளி சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் தெளிக்கலாம்.

குழுவில் செய்ய

ஒவ்வொருவரும் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் தினமும் காலையில் ஐந்து நிமிடம் பாருங்க. துளிர், மொட்டு, பூச்சி, இலை நிறம் என்று பார்த்ததை நோட்டில் எழுதுங்க. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதலாம். அடுத்த கூட்டத்தில் கீழே உள்ளவற்றைப் பேசுங்க:

• என் செடியில் இந்த வாரம் என்ன மாறியது?
• போன வருஷம் எந்த மாதம் வெட்டினேன்? பலன் என்ன?
• எந்தச் செடியின் தண்டை யாருக்குக் கொடுக்கலாம்?

இனிமேல் நானே வந்து "வெட்டுங்க" என்று சொன்னாலும், "முதல்ல கிட்ட வந்து பாருங்க தம்பி" என்று தயங்காமல் சொல்லுங்க.