அடுப்படிக்கு ஒரு பாத்தி கீரை

கல்பாக்கம் பக்கம் நம்ம ஆட்கள் பலர் கீரையைக் கட்டுக்கட்டாகச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் ரசத்தோடு சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார்கள். 2018-இல் சிகாகோ ரஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 960 முதியவர்களை ஐந்தாண்டுகள் போலக் கவனித்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். தினமும் ஒரு வேளையாவது கீரை சாப்பிட்டவர்களுக்கு நினைவாற்றல் மெதுவாகவே குறைந்தது. கீரையே அதிகம் தொடாதவர்களோடு ஒப்பிட்டால், 11 வயது இளையவர் போல! காரணம் கீரைதான் என்று இது நிரூபித்துவிடவில்லை. வங்கியில் கணக்குப் பார்த்த நான் அதைச் சொல்லாமல் விடமுடியாது.

கீரையிலுள்ள லூட்டீனும் வைட்டமின் கே-யும் கொழுப்பில் கரைபவை. அதனால் முருங்கைக்கீரையை வதக்கும்போது செக்கு நல்லெண்ணெய் கொஞ்சம் விடுங்க. வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்க. சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். வாரம் ஒரு சின்னப் பாத்தி, வீட்டுக்கென்றே விதையுங்க.