வேகமும் வேணும், அர்த்தமும் புரியணும்



நம் குழுக்களில் மூத்த அக்காக்கள் பலர் 1990-களில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவர்கள். கடன் பத்திரத்தில் 'தி-ரு-ப்-பி-ச் செ-லு-த்-த-த்' என்று கூட்டிக்கொண்டே போனால், 'தவறினால்' வருவதற்குள் முன்னால் படித்தது மறந்துபோகுது. கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு வருகிறோம்!

அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டை எடுங்கள். ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் விரல் வைத்துத் தொடருங்கள். எழுத்தெழுத்தாக வேண்டாம், 'திருப்பிச் செலுத்தத் தவறினால்' என்று சேர்த்தே பார்வை ஓடட்டும். அதே பத்தியை மூன்று முறை படித்தால் வேகம் தானா வரும். பிறகு நோட்டை மூடிவிட்டு, யாருக்கு, எவ்வளவு கடன், எத்தனை தவணை என்று நம்ம பேச்சிலேயே சொல்லிப் பாருங்கள். சொல்ல வரலையா? மறுபடி படிங்க, வெட்கமே வேண்டாம். வட்டியும் தொகையும் வரும் இடத்தில் மட்டும் வேகம் கூடாது. நாங்களும் அங்கே நின்று, இரண்டு தரம் பார்த்துத்தான் படிக்கிறோம்.