பிள்ளைக்குப் புதுப் பண்டம் பழக்குவது எப்படி?

கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் முன்பின் கண்டிராத சரக்கைப் பார்த்துத் தயங்கினால் நாம் என்ன செய்கிறோம்? அதட்டுகிறோமா? இல்லை. எடுத்துப் பார்க்கச் சொல்கிறோம், மாதிரி கொடுக்கிறோம், இன்று வாங்காவிட்டாலும் சிரித்த முகத்தோடு அனுப்பி வைக்கிறோம். ஆனால் விடுமுறை நாளில் குடும்பத்தோடு பிரிக்பீல்ட்ஸுக்கோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ சாப்பிடப் போனால், நான்கு வயதுப் பிள்ளையிடம் அந்தப் பொறுமையைக் காட்டுகிறோமா? இதுவே இன்றைய பாடம்.

அண்மையில் பிரிக்பீல்ட்ஸ் உணவுக் கடையொன்றில் ஒரு காட்சியைக் கண்டோம். சிறுவன் ஒருவன் ரொட்டி சானாயும் சீனியுமே வேண்டும் என்றான். அவனுடைய அத்தா மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டு போய், "இதைச் சாப்பிட்டால்தான் ஐஸ்கிரீம்" என்றார். பையன் வாயை இறுக மூடிக்கொண்டான். குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை அழுதான், சோறு அப்படியே கிடந்தது. அத்தாவின் அன்பிலே குறையில்லை, வழியிலேதான் குறை. நாமும் நம் பிள்ளைகளிடம் இதையே செய்தவர்கள்தாம்.

முதலாவதாக, இது பிடிவாதம் அன்று என்பதை அறிய வேண்டும். ஏறத்தாழ இரண்டு வயது முதல் ஆறு வயது வரை, அறியாத பண்டத்தைக் கண்டு அஞ்சுவது பிள்ளைகளின் இயற்கை. பெரியோர்க்கும் பழக்கமின்மை உண்டு. பொரித்த உடும்பு விரிப்பில் வைக்கப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது ஹராமா என்று கேட்டதற்கு, இல்லை, தம் சமூகத்தார் ஊரில் அது இல்லாததால் தமக்கு விருப்பமில்லை என்று தெரிவித்தார்கள். அதே விரிப்பில் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை உண்டார்கள். அங்கே பண்டத்துக்கும் பழியில்லை, உண்ணாதவர்க்கும் கட்டாயமில்லை.

இரண்டாவதாக, விருப்பம் பழக்கத்தால் வளரும். அமெரிக்க உளவியலறிஞர் லீன் பர்ச் 1982-ல் வெளியிட்ட ஆய்விலே, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதுப் பண்டங்களைச் சிலவற்றை 2 முறையும், சிலவற்றை 20 முறை வரையிலும் கொடுத்துப் பார்த்தார். அதிக முறை சுவைத்ததையே பிள்ளைகள் அதிகம் விரும்பினார்கள். 1984-ல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரு பானத்தைக் குடித்தால் வெகுமதி உண்டு என்று சொல்லிக் குடிக்க வைத்தபோது, அந்தப் பானத்தின் மேல் பிள்ளைகளுக்கிருந்த விருப்பம் குறைந்து போயிற்று. ஐஸ்கிரீம் பேரம் ஏன் தோற்கிறது என்பது இதனால் விளங்கும். கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்றால் அது கசப்பான வேலையாகத்தான் இருக்கும் என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறான்.

ஆகவே கடையில் செய்யத்தக்கவை:

1. சாப்பாட்டுக்கு முன் மைலோ ஐஸ் போன்ற இனிப்புப் பானம் வேண்டாம். நிறைந்த வயிறு புதியதைத் தேடாது.

2. பிள்ளையைக் கறி வகைகள் அடுக்கியிருக்கும் இடத்துக்கு அழைத்துச் சென்று, ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கச் செய்யலாம்.

3. பழகிய ரொட்டியோடு புதியதை ஒரு சிறு கரண்டியளவு மட்டும் வைக்க வேண்டும்.

4. நாம் முதலில் ரசித்து உண்ண வேண்டும். "சாப்பிடு" என்று சொல்ல வேண்டியதில்லை.

5. சுவைத்துப் பிடிக்காவிட்டால் காகிதத்தில் துப்பிவிட அனுமதி உண்டு. ஏச்சு வேண்டாம், அடுத்த முறை அதே பண்டத்தை மீண்டும் வைப்போம்.

6. மீன் முள்ளை நீக்கிக் கொடுப்போம். முழுக் கச்சானைச் சிறு பிள்ளைக்குக் கொடுக்கலாகாது. இறாலோ கச்சானோ உண்டபின் தடிப்பு, மூச்சுத் திணறல் கண்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

புதியது வேறு, விலக்கப்பட்டது வேறு என்பதையும் பிள்ளைக்குப் பிரித்துக் காட்ட வேண்டும். பன்றியிறைச்சியில் சமைக்கும் பாக்குத் தேவுக்குப் பேர்போன ஊர் கிள்ளான். அந்தக் கடையைக் கடக்கும்போது, "அது நாம் உண்பதில்லை" என்று சொன்னால் போதும். "சீ" என்று முகம் சுளித்துக் காட்டினால், பிள்ளை மார்க்கத்தைக் கற்பதில்லை. அண்டை வீட்டாரை இகழவே கற்கிறான்.

உணவுக் கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கென்று காரம் குறைத்த சிறு தட்டு ஒன்றைக் கொடுங்கள். இன்று ஒரு கரண்டி பருப்பு உண்டவன் நாளை உங்கள் வாடிக்கைக்காரன்.

நம் கடைகளின் கதையே புதியதை ஏற்ற கதைதானே! சீனர்களின் மீயையும் தௌஹுவையும் நம்மவர் எடுத்து, மிளகாய்ச் சாந்து சேர்த்து வறுத்ததல்லவா மீ கோரெங்! பினாங்கிலே நம் முன்னோர் தோளில் காவுதடி வைத்துச் சுமந்து விற்ற சோறும் கறியுமே நாசி கண்டார். அதை இன்று எல்லா இனத்தாரும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

நம் பிள்ளையும் நாளை பல இனத்தாரோடு வாணிபம் செய்து, பல விருந்துகளில் அமர வேண்டியவன். அந்தத் துணிவு அழ வைத்து ஊட்டுவதால் வராது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரு கரண்டி மட்டும் வைத்துவிட்டு, நாம் நம் சோற்றைச் சாப்பிடுவோம்.