ஷூட்டா? பாஸா? ரெஃப்ரி எப்படிக் கண்டுபிடிக்கிறார்?



நம்ம ஊரில் எந்த கிரவுண்டில் கூடைப்பந்து மேட்ச் நடந்தாலும் ஒரு சண்டை கட்டாயம் உண்டு. "ஷூட் பண்ணும்போதுதான் சார் அடிச்சான்!" என்று ஒரு டீம் கத்தும். "ஏலே, அது பாஸுலே!" என்று அடுத்த டீம் கத்தும். ரெஃப்ரி எதைச் சொன்னாலும் பாதி பேருக்கு அவர் 'அந்த டீம் ஆளு'தான். அதனால் ஃபிபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதிகளைப் படித்து, பி.இ.டி. சாரிடமும் சந்தேகம் கேட்டு இதை எழுதுகிறேன்.

இதில் என்ன இருக்கு?

ஒரு கணக்கு பார்ப்போம். நாம் 1 பாயிண்ட் பின்னால் இருக்கிறோம். பாக்கி 2 விநாடி. எதிர் டீம் ஃபவுல் செய்கிறது. அந்தக் கால்பகுதியில் அது அவர்களுடைய 4-வது டீம் ஃபவுல். ஷூட் என்றால் நமக்கு 2 ஃப்ரீ த்ரோ. 3 பாயிண்ட் கோட்டுக்கு வெளியே என்றால் 3. ஜெயித்துவிடலாம். பாஸ் என்றால் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போட வேண்டியதுதான். (5-வது டீம் ஃபவுலில் இருந்துதான் எல்லாவற்றுக்கும் 2 ஃப்ரீ த்ரோ.)

ரெஃப்ரி எதைப் பார்க்கிறார்?

1. கை பட்ட அந்த நொடியில் பந்து எங்கே போகிறது? கூடையை நோக்கி மேலே தூக்க ஆரம்பித்துவிட்டால் அது ஷூட்.

2. ஓடிவந்து லே-அப் போட்டால்? டிரிபிள் முடிந்து பந்து கையில் நின்று, ஷூட் அசைவு தொடங்கியதில் இருந்து கணக்கு. எத்தனை ஸ்டெப் வைத்தான் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

3. பந்து கையை விட்டுப் போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. கையைப் பிடித்துத் தடுத்தாலும் அது ஷூட்தான்.

4. அடி வாங்கிய பிறகு பந்தைக் கூட்டாளிக்குப் பாஸ் கொடுத்துவிட்டால்? அவன் ஷூட் பண்ணியதாகவே கணக்கில்லை! நாம் அதிகம் சண்டை போடுவது இங்கேதான்.

ஆக, ரெஃப்ரி மனசைப் படிப்பதில்லை. கையையும் பந்தையும்தான் பார்க்கிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு சொல்ல வேண்டியதும் அவர்தான்.

ஒரு வேடிக்கை!

3 பாயிண்ட் கோட்டுக்கு வெளியே இருந்து கொடுத்த பாஸ் கை தவறிக் கூடைக்குள் விழுந்தால்? 3 பாயிண்ட் உண்டு! அங்கே 'நீ பாஸ்தானே கொடுத்தே?' என்று யாரும் கேட்பதில்லை. ஷூட்டா பாஸா என்ற கேள்வி ஃபவுல் மாதிரியான இடங்களில்தான் வரும்.

அடையாளம் தெரிஞ்சுக்கோங்க

ஆற்றுப் பாலம் தாண்டி பாளைக்கு மேட்ச் பார்க்கப் போனால் ரெஃப்ரி கையைக் கவனியுங்கள். மூடிய முஷ்டியை உயர்த்துவது ஃபவுல். அடுத்து விரலால் ஃப்ரீ த்ரோ எண்ணிக்கை காட்டினால் ஷூட். தரையைக் காட்டினால் ஷூட் இல்லை.

அப்பவும் சந்தேகமா? கத்த வேண்டாம். பந்து ஆட்டத்தில் இல்லாமல் கடிகாரமும் நின்றிருக்கும்போது கேப்டன் மரியாதையாக விளக்கம் கேட்கலாம். அதற்கும் விதியில் இடம் உண்டு!

– பதினொன்றாம் வகுப்பு மாணவன்,
திருநெல்வேலி டவுண்