நட்டு சுழல்கிறது, கை ஏன் சுழலவில்லை?

நெடுஞ்சாலை ஓரத்து டயர்க் கடையில் காரின் சக்கரத்தைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? முன்பெல்லாம் நீண்ட ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன்மேல் ஏறி நின்று மிதிப்பார்கள். இப்போது ஓர் இளைஞர் துப்பாக்கி போன்ற கருவியை நட்டில் பொருத்தி விரலை அழுத்துகிறார். 'டர்ர்ர்' என்று ஓர் ஓசை. இரண்டே விநாடியில் நட்டு கழன்று வந்துவிடுகிறது. வயர் இல்லை, காற்றுக் குழாய் இல்லை. கைப்பிடியின் அடியில் ஒரு பேட்டரி மட்டும். கடையில் இதைக் 'கன்' என்பார்கள். முறையான பெயர் இம்பாக்ட் ரெஞ்ச்.

இதில் ஒரு புதிர் உண்டு. சிறிய காரின் சக்கர நட்டை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் திருப்பு விசையில் இறுக்கியிருப்பார்கள். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரால் அந்த அளவு திருப்ப 400 நியூட்டன், அதாவது சுமார் 40 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, கருவி நட்டைத் திருப்பினால் நட்டும் கருவியை எதிர்த்திசையில் அதே அளவு திருப்ப வேண்டுமே! அந்த இளைஞரின் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளவில்லையே, ஏன்?

விடை கருவியின் வயிற்றுக்குள் இருக்கிறது. மோட்டார் நட்டோடு நேராக இணைக்கப்படவில்லை. இடையில், 'சுத்தியல்' எனப்படும் கனமான எஃகுத் துண்டு சுழல்கிறது. அதற்கு முன்னால், சாக்கெட்டைத் தாங்கும் தண்டின் உள்முனையில், இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். இதைப் 'பட்டடை' என்று வைத்துக்கொள்வோம். நட்டு இலகுவாகச் சுழலும்வரை இரண்டும் சேர்ந்தே சுற்றும். நட்டு முரண்டு பிடித்ததும், சுத்தியல் ஒரு சுருள்வில்லை அமுக்கிக்கொண்டு பின்வாங்கிக் காதுகளிலிருந்து விடுபடுகிறது. அரைச் சுற்று ஓடி வேகம் பிடித்து, அடுத்த காதில் 'டண்' என்று மோதுகிறது. இப்படி விநாடிக்கு ஏறத்தாழ 50 முறை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? சுத்தியலின் நிறை 400 கிராம், ஆரம் 3 செ.மீ., வடிவம் திண்ம உருளை எனக் கொள்வோம். நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் நிலைமத் திருப்புத்திறன் 0.00018 கி.கி.மீ². நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் கோணத் திசைவேகம் விநாடிக்கு 157 ரேடியன். இரண்டையும் பெருக்கக் கிடைக்கும் கோண உந்தம் சுமார் 0.028 அலகு. மிகச் சிறியதுதான். ஆனால் மோதலில் இந்த உந்தம் முழுவதும் 5000-ல் ஒரு பங்கு விநாடிக்குள் அழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.028 × 5000 = 140 நியூட்டன் மீட்டர்! நட்டு அசையாமல் என்ன செய்யும்?

கைக்கு வருவது வேறு. மோதல் நடக்கும்போது சுத்தியல் மோட்டாரோடு இறுகப் பிணைந்திருக்கவில்லை. மோட்டார் அதை மறுபடி முடுக்கும்போது எழும் எதிர்ச்செயலையே கை தாங்குகிறது. அது விநாடி முழுவதும் பரவியிருக்கிறது. 0.028 × 50 = 1.4 நியூட்டன் மீட்டர். 15 செ.மீ. நீளக் கைப்பிடியில் இது ஒரு கிலோ எடைக்கும் குறைவு. (எண்கள் கருவிக்குக் கருவி மாறும், இங்கே கணக்குக்காக எடுத்துக்கொண்டேன்.)

இதே எதிர்ச்செயல்தான் விண்வெளியிலும் தொல்லை. மிதக்கும் வீரர் நட்டைத் திருப்பினால் நட்டுக்குப் பதில் அவரே சுழல்வார்! 1960-களில் அமெரிக்காவின் ஜெமினி திட்டத்துக்காக, வீரரைச் சுழற்றாத கம்பியில்லா ரெஞ்ச் ஒன்றைத் தனியாக உருவாக்க வேண்டியிருந்தது.

ஆனால் கைக்குத் தெரியாத விசை வசதி மட்டுமல்ல, ஆபத்தும்கூட. சாதாரண ஸ்பேனரால் இறுக்கும்போது 'போதும்' என்று கை சொல்லும். கன்னைப் பிடித்த கை சொல்லாது.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் மாட்டிக்கொண்டேன். ஊர் திரும்பும் வழியில், இரவில், சக்கரம் பஞ்சர். முந்தின வாரம்தான் ஒரு கடையில் நட்டுகளைக் கன்னாலேயே முடுக்கி அனுப்பியிருந்தார்கள். வண்டியோடு வந்த ஸ்பேனரின்மேல் ஏறி நின்றேன். மூன்று நட்டுகள் கழன்றன. நான்காவது, போல்ட்டோடு முறிந்து கையில் வந்தது. இயற்பியல் ஆசிரியருக்கு அன்று ஹூக் விதிப் பாடம் சாலையோரத்தில் நடந்தது.

ஆம், ஹூக் விதிதான். இறுக்கிய போல்ட் ஒரு விறைப்பான சுருள்வில். அது சற்றே நீண்டு, மீண்டும் சுருங்க முயல்வதால்தான் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிறது. மீட்சி எல்லையைத் தாண்டி இழுத்துவிட்டால் நிரந்தரமாக நீண்டுவிடும். பிடி தளரும், அல்லது முறியும். நாம் கொடுக்கும் திருப்பு விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மற்றதை உராய்வு தின்றுவிடுகிறது. அதனால், மரையில் எண்ணெய் பட்டிருந்தால் அதே திருப்பு விசையே போல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடலாம். ஆகவே கழற்றத் தாராளமாகக் கன்னைப் பயன்படுத்துங்கள். மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையால் திருகி, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி லேசாக இறுக்கி, முடிவில் அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும்.

சாக்கெட்டும் இதற்கென்றே செய்த கருநிறச் சாக்கெட்டாக இருக்கட்டும். பளபளக்கும் சாதாரணச் சாக்கெட் அடி தாங்காமல் தெறிக்கக்கூடும். கண்ணாடியும் காதடைப்பும் அவசியம்.

இனி பேட்டரி. 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் அயனி மின்கலங்கள் ஐந்து தொடராக இருக்கும். (இம்மின்கலங்கள் 1991-ல் விற்பனைக்கு வந்தன, இவற்றை உருவாக்கிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு.) மேலே '4 ஆம்பியர் மணி' என்றிருந்தால் சேமித்த ஆற்றல் 72 வாட் மணி, அதாவது 2,59,200 ஜூல். 50 கிலோ எடையுள்ள உங்களை 500 மீட்டருக்கு மேல் தூக்கப் போதுமானது! அதைத் திருகாணிகளோடு ஒரே பையில் போட்டு, முனைகள் குறுக்குச்சுற்றானால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

லித்தியம் மின்கலத்தின் முதல் பகை வெப்பம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதை விட்டுவைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறவிட்டுப் பிறகே மின்னேற்றம் செய்ய வேண்டும். 'முழுதும் தீர்த்த பிறகே ஏற்று' என்று பெரியவர்கள் சொல்வது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக்குப் பொருந்தியது; இதற்குப் பொருந்தாது. வேகம் குறைந்ததுமே நிறுத்திவிடலாம். பல வாரங்கள் பயன்படுத்தாவிட்டால், பாதியளவு மின்னேற்றத்தில், கருவியிலிருந்து கழற்றி, நிழலான இடத்தில் வையுங்கள். அதற்கென்று வந்த சார்ஜரைத் தவிர வேறெதிலும் செருகாதீர்கள்.

கீழே விழுந்து விரிசல் கண்ட பேட்டரியையும், வீங்கிய பேட்டரியையும் மறுபடி மின்னேற்றம் செய்யவே கூடாது. உள்ளே மின்வாய்களைப் பிரிக்கும் மெல்லிய ஏடு கிழிந்திருந்தால் தீப்பற்றும். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். முனைகளை நாடாவால் ஒட்டி, விற்ற கடையில் கொடுங்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்தும் விதிகள் 2022-ல் இந்தியாவில் வந்திருக்கின்றன.