குழந்தை உள்ளமும் உளவியலும்

குழந்தை என்பது சிறு உருவில் உள்ள பெரியவர் அன்று; அதன் உள்ளம் படிப்படியாக வளர்கிறது என்கிறது உளவியல். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். குழந்தை ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது குறும்பு அன்று. கைக்கும் மனத்துக்கும் அதுவே பயிற்சி என்பது அவர் கண்ட உண்மை.

வேலைக்குச் செல்லும் அம்மாவுக்காகத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் மாணவியரே! தம்பி சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி விளையாடினால், அதட்டிப் பிடுங்காதீர்கள். எப்போதும் அதட்டப்படும் குழந்தை, புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கவே அஞ்சும். சிறு சொம்பில் பாதி நீர் கொடுங்கள். ஒருமுறை மெதுவாக ஊற்றிக் காட்டுங்கள். சிந்தியதைத் துடைக்கத் துணியும் கொடுங்கள். நாளடைவில் சிந்தாமல் ஊற்றுவான். பொறுமையோடு பார்ப்போம்; புரிந்துகொண்டு வளர்ப்போம்!